விரிசலின் சத்தம்

ஞாயிறு, காலை ஆறரை.
செம்பனைக்கு அடியில் இருட்டு இன்னும் பாயைச் சுருட்டவில்லை.
லாபிஸ் மேல் ஆலைப் புகை
புளிப்பாய்ப் படுத்துக் கிடக்கிறது.
நானும்தான்,
உன் வயிற்றுக்கு அடியில்,
கிழித்து விரித்த பிஸ்கட் அட்டைப்பெட்டி மேல்.

பக்கி என்று உன்னைக் கூப்பிட்டால்
தமிழில் வசவு போலிருக்கிறது.
தகும்.
உனக்குள் துடிப்பது ஒரு கிழட்டுக் கஞ்சில் காரின் எஞ்சின்.
எலும்பெல்லாம் அ கியோங் பட்டறையில் வளைத்த குழாய்.
இருக்கைகள் இரண்டும் நொறுங்கிய கார்களிலிருந்து வந்தவை,
யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்று காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டியபோது
இரண்டு கை நிறையச் செம்மண்.
இருபத்து மூன்றாம் பிளாக் சாலையை
மூச்சென்று நினைத்து விழுங்கியிருக்கிறாய்.
அச்சு முனையில் ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் தெறித்திருந்தது சக்கரமெங்கும்.
கித்தாத் தோட்டம் என்றே இன்னும் பலகை சொல்லும் இந்த இடத்திலிருந்து
ஒரு சாண் ரப்பருக்கு
சிகாமட் வரை போய்வந்தேன்.

சக்கர நட்டுகளில் இருப்பது என் நகப்பூச்சு.
முறுக்கி முடித்ததும்
நட்டிலிருந்து சக்கரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.
கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.
"கல்யாணத்துக்குக் கூடப் பூசாதவள்" என்பார் தயாநிதி.
வலது பின் சக்கரத்தில் மூன்றாவது கோடு
அரை அரிசி விலகியிருக்கிறது.
முறுக்கினேன். அழித்தேன். புதிதாய் இழுத்தேன்.

பிறகு ஸ்பானரால் கூண்டைத் தட்டிக்கொண்டே வந்தேன்.
டிங். டிங். டிங்.
தலைக்கு மேலே வளைகிற குழாய்
பற்றவைப்பில் சேரும் இடத்தில்
டொக்.

துடைத்தேன்.
மயிரிழை.
என் தலையிலிருந்து உதிர்ந்து ஒட்டியதாக இருக்கட்டும் என்று
நகத்தால் எடுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.

ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள்,
ஜொகூர் பாருவிலிருந்து மூன்று பேர்,
ஐந்நூற்று நாற்பது ரிங்கிட் முன்பணம், வெள்ளைச் சப்பாத்து.
"முடி மாதிரிதானே இருக்கு, அக்கா.
மெதுவாத்தான் ஓட்டுவோம்."

மெதுவாகத்தான் நானும் ஓட்டினேன்.
மழை விட்ட மறுநாள், பாரிட் ஓரம்,
ஆள் ஓடுகிற வேகம்.
கரை தோளைச் சாய்த்தது.
கவிழும்போது கை தானாக வெளியே போகும்;
பூமியைத் தள்ளி நிறுத்திவிடலாம் என்று
கைக்கு ஒரு மூடநம்பிக்கை.
ஐந்நூறு கிலோ வந்து அதன்மேல் உட்கார்ந்தது.
மோதிர விரலில் பாதி அந்தத் தண்ணீரில்.
தலைக்கு ஒன்றுமில்லை. அன்று கூண்டு நின்றது.
மணிக்கட்டு வார் அதற்குப் பிறகு தைத்தது.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவில்லை.
சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.
ஒன்பதரை விரலால்
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
ஒருவன் மட்டும் பார்த்தான்,
உடனே செம்பனையைப் பார்த்தான்.
போகும்போது ரொட்டி சானாய் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள்.
சொன்னேன்.

"பதினெட்டாம் தேதி தவணை" என்றார் தயாநிதி,
என்னிடம் இல்லை, கோழிகளிடம்.
அ கியோங் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போய்விடுவார்,
போனை எடுக்க மாட்டார்.
விரிசலைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன்,
நாளைக்கு அது பெரிதாகிவிடும் என்பது போல.

பக்கத்து டிரம்மில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.
உன் மேல் ஏறி உட்கார்ந்து
தோளுக்கு, இடுப்புக்கு, இரண்டு மணிக்கட்டுக்கும்
வாரெல்லாம் பூட்டிய பிறகுதான் தெரிந்தது,

கோப்பி எட்டவில்லை.